தேவாலயம் வரை ஏழு நாற்காலிகள்

அம்மா எங்களோடு வந்து தங்கிய முதல் ஒன்பது மாதங்களில் மாடிப்படி இறங்கியது இரண்டே தடவை. ஒருமுறை பல் பிடுங்க, இன்னொருமுறை அப்பாவின் வருஷத் திதிக்கு ஊருக்குப் போக. மற்ற நாளெல்லாம் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் சுவரோரம் பாயை விரித்து உட்கார்ந்திருப்பாள். அப்போது அவளுக்கு அறுபத்தோரு வயது. பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் களையெடுத்து, பருத்தி எடுத்து, அப்பாவுக்குச் சமமாகப் பாடுபட்டவள். அப்பா போன சில மாதத்தில், தனியாக இருக்க வேண்டாம் என்று மதுரைக்கு அழைத்து வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து மூட்டு வலி. கேட்டால் ஒரே பதில்தான்.

"எனக்கென்னய்யா, இன்னும் எம்புட்டு நாளு? ஒரு ஓரமாக் கெடந்துட்டுப் போறேன்."

நாங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். என் மனைவி தட்டில் சோறு போட்டு அந்தப் பாய்க்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். வயதானவர்களை நன்றாக வைத்துக்கொள்வது என்றால் இதுதான் என்று நினைத்திருந்தோம்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. எங்கள் வீடு திருப்பரங்குன்றம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருந்தது. மாடியில் நாங்கள் வாடகைக்கு, கீழே வீட்டுக்காரர்கள். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்தவர். தெருவே அவரை மாஸ்டர் என்றும் அந்த அம்மாவை டீச்சர் என்றும்தான் கூப்பிடும். ஒரே மகள் கல்யாணமாகி நாக்பூரில் இருந்தாள். மாஸ்டருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். விடிந்தும் விடியாததுமாக அரைக்கால் சட்டையும் கான்வாஸ் ஷூவுமாகக் கிளம்பித் திருப்பரங்குன்றம் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். டீச்சருக்கு நடை ஆகாது, பேச்சுத்தான். தெருப் பெண்களுக்கு மனு எழுதித் தருவார், பஞ்சாயத்துப் பண்ணி வைப்பார், கீரைக்காரியிடம் அரை மணி நேரம் நாட்டு நடப்புப் பேசுவார். அந்தக் குரல் மாடிவரை கணீரென்று கேட்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் அலுவலகம் போகச் சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் வாசற்படியில் நின்று கீரைக்காரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் குழறியது. டீச்சர் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக் கீரைக்காரி சிரித்தாள். டீச்சரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கையிலிருந்த கீரைக்கட்டு கீழே விழுந்தது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் அவர் படியில் சரிந்துவிட்டார்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வலது பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு அடியோடு போய்விட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்ன அன்று நானும் மாஸ்டருடன் இருந்தேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், சுற்றி வளைத்துப் பேசாதவர்.

"உயிருக்கு இனிமே பயமில்ல சார். பத்து வருஷம்கூட இருப்பாங்க. அந்தப் பத்து வருஷத்தையும் படுத்தே கழிக்கப் போறாங்களா, எந்திரிச்சு நடமாடிக் கழிக்கப் போறாங்களாங்கிறது இந்த ஆறு மாசத்துல தெரிஞ்சிரும்."

மாஸ்டர் அட்டென்ஷனில் நிற்பவரைப் போல நின்று கேட்டார். "நான் என்ன செய்யணும்?"

"அசைக்கணும். கை, கால், வாய் எல்லாத்தையும் தினமும் அசைக்க வைக்கணும். வயசாச்சுன்னு விட்டுறாதீங்க."

முன் அறையில் கட்டிலைப் போட்டு டீச்சரைக் கிடத்தினார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக உறவுக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "கஷ்டப்படுத்தாம கர்த்தர் எடுத்துக்கிட்டா நல்லது" என்றார்கள். டீச்சருக்குக் காது நன்றாகக் கேட்டது என்பது யாருக்கும் நினைவில்லை. நானும் அன்று மாடியில் என் மனைவியிடம் அதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னேன்.

மாஸ்டர் மறுநாளே பயிற்சியைத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த ஒரே முறை டிரில். கழுத்தில் பழைய விசிலை மாட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். விசில் ஊதுவார். "ஒன்!" என்றால் காலைத் தூக்க வேண்டும், "டூ!" என்றால் இறக்க வேண்டும். டீச்சரின் கால் அசையாது. மறுபடியும் விசில். டீச்சர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்து அவர்மேல் எறிந்தார். அப்படியே மூன்று வாரம் போயிற்று. டீச்சர் கண் எதிரே மெலிந்துகொண்டே வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே மாஸ்டரின் குரல் வெடித்தது. "தூக்கு! தூக்குன்னு சொல்றேன்ல!" அதைத் தொடர்ந்து டீச்சர் அழும் சத்தம். வார்த்தை இல்லாமல், தொண்டையிலிருந்து வரும் அழுகை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவிதான் கூப்பிட்டுக் காட்டினாள். பாய் காலியாக இருந்தது. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

நான் பின்னால் ஓடினேன். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

"ஏய்யா வாத்தியாரய்யா, அவுக என்ன உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? இந்த அதட்டு அதட்டுனா எந்தக் காலு எந்திரிக்கும்?"

மாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. "விட்டுறாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா."

"விட வேணாம். நீங்க செத்த நேரம் வெளிய இருங்க. பொம்பளைக்குப் பொம்பளை நான் பாத்துக்கிறேன்."

அம்மா முதலில் பார்த்தது டீச்சரின் தலைமுடியை. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து யாரும் அதைப் பிரித்துச் சீவவில்லை. படுத்தே கிடந்ததில் பின்னந்தலையில் தேன்கூடு மாதிரி சிக்கு விழுந்திருந்தது. ஒரு நாளும் கலைந்த தலையோடு வாசலுக்கு வராதவர் டீச்சர். அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, டீச்சரைத் தூக்கித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். எண்ணெயைத் தொட்டுத் தொட்டு, விரலாலேயே சிக்கெடுக்க ஆரம்பித்தாள். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது: மழை இல்லாதது, ஒரு வெள்ளாடு மூன்று குட்டி போட்டது, பக்கத்து வீட்டுக்காரி வாய்த்தகராறு. டீச்சர் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னல் போட்டு முடித்தபோது மாஸ்டர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் என்னிடம், மெதுவாக. "ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் உக்காந்திருக்கா. ஆஸ்பத்திரியில அஞ்சு நிமிஷம் உக்கார முடியல."

அதற்குப் பிறகு அம்மா தினமும் இறங்கினாள். காலையில் ஒருமுறை, சாயந்திரம் ஒருமுறை. மூட்டு வலி போய்விட்டதா என்று நான் கேட்டதற்கு, "வலிக்கத்தான் செய்யுது, அதுக்கு?" என்றாள்.

கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று அவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்தாள். நான் ஊருக்குப் போகும்போது ஒரு பை பருத்தி, கொட்டை எடுக்காததாக, வாங்கிவரச் சொன்னாள். பெரியப்பா மகன் சிரித்தார். "என்ன தம்பி, மதுரையில மில்லு கில்லு வைக்கப் போறியா?" அந்தப் பருத்தியை டீச்சரின் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்து, பஞ்சுக்குள் இருக்கும் கொட்டையைத் தேடச் சொன்னாள். முதல் வாரம் விரல் எதையும் தேடவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. பஞ்சு மிருதுவாக இருந்ததால் டீச்சர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது மாஸ்டர் கதவருகிலேயே என்னை நிறுத்தித் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் மூன்று பருத்திக்கொட்டைகள் இருந்தன.

பேச்சு மட்டும் வரவே இல்லை. எதைக் கேட்டாலும் "ம்… ம்…" தான். அதுவரை வார்த்தையாலேயே வாழ்ந்தவர். நெற்றி நரம்பு புடைக்க முயற்சி செய்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து நாட்களில் ஒரு மாலை, தேவாலயத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் ஜெபம் செய்ய வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று கீர்த்தனை பாடினார்கள். நானும் அம்மாவும் ஓரமாக நின்றோம். இரண்டாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. கொஞ்சம் உடைந்த குரல், ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் சுத்தமாக. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். டீச்சர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல், அந்தக் கீர்த்தனையைக் கடைசி வரை பாடி முடித்தார். பிறகு கண்ணைத் திறந்து எங்களிடம் எதையோ சொல்ல வாயெடுத்தார். "ம்… ம்…" என்றுதான் வந்தது.

மாஸ்டர் அடுத்த நாளே டாக்டரிடம் ஓடினார். சிலருக்கு அப்படி உண்டு, பேச்சு போனாலும் பாட்டு போகாது, பாட்டைப் பிடித்துக்கொண்டே பேச்சை இழுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதிலிருந்து கீழ்வீட்டில் எல்லாமே பாட்டாகத்தான் நடந்தது. தண்ணீர் வேண்டும் என்பது ஒரு கீர்த்தனை மெட்டில். ஜன்னலைச் சாத்து என்பது இன்னொரு மெட்டில். அம்மாவுக்குக் கீர்த்தனை தெரியாது. அவள் களையெடுக்கும்போது பாடுகிற மெட்டில் "இட்லி போதுமா, இன்னும் ஒண்ணு வைக்கவா" என்று பாடுவாள். டீச்சர் அதே களையெடுப்பு மெட்டிலேயே "போதும் போதும்" என்று பதில் பாடுவார். பால்காரர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, கீழ் வீட்டுல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?" என்று கேட்டார்.

மாஸ்டரும் மாறிவிட்டார். அதட்டலை விட்டுவிட்டார். ஆனால் விசில் மட்டும் கழுத்திலேயே கிடந்தது. கால் பயிற்சிக்கு அது இல்லாமல் முடியாது என்பார். நோய் வந்து ஐந்தாம் மாதம், ஒரு காலை அதை வாயில் வைத்து ஊதப் போனபோது, டீச்சர் இடது கையை உயர்த்தி, மெட்டு எதுவும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்:

"விசில்… வேண்டாம்."

மாஸ்டர் விசிலைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஆறு மாதம் தாண்டிவிட்டது. டீச்சர் கோலை ஊன்றி, மாஸ்டரின் தோளைப் பிடித்து, வாசற்கதவு வரை வந்துவிட்டார். அதற்கு மேல் ஒரு ஆசை அவருக்கு இருந்தது. தேவாலயத்துக்குத் தன் காலால் நடந்து போக வேண்டும். நல்ல கால் உள்ளவர்களுக்கு அது ஐந்து நிமிட நடை. டாக்ஸி வைத்துக்கொள்ளலாம் என்றார் மாஸ்டர். டீச்சர் தலையை ஆட்டிவிட்டார்.

மாஸ்டர் வழியை அடியால் அளந்தார். டீச்சரால் ஒரே மூச்சில் எத்தனை அடி வைக்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். அந்த இடைவெளிகளில் இருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நாற்காலியை வாசலில் போட்டு வைக்க முடியுமா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டார். தையல் கடை பாய், டீக்கடைக்காரர், ரேஷன் கடைக்கு எதிர்வீட்டு நாயக்கர் அம்மா, பூசாரி வீடு, எல்லோரும் சரி என்றார்கள். மொத்தம் ஏழு இடம்.

அந்த ஞாயிறு நானும் கூடப் போனேன். வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் மாஸ்டர். வெள்ளைப் புடவை, இறுக்கிப் பின்னிய தலை. முதல் நாற்காலி வரை போவதற்குள்ளேயே டீச்சருக்கு வேர்த்துக் கொட்டியது. உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு எழுந்தார். மூன்றாவது நாற்காலியில், தையல் கடை வாசலில், அவர் முகத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. "திரும்பிருவோமா?" என்றார் மாஸ்டர். டீச்சர் கோலை ஊன்றி எழுந்தார். தெருவில் சனம் கூடிவிட்டது. யாரும் தொட்டுத் தூக்க வரவில்லை. வரக் கூடாது என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. தேவாலயத்து வாசலை மிதிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆராதனை முடிகிற சமயம். உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தேவாலயத்துக்குள் நுழைந்தவள், நெற்றியில் திருநீற்றோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதங்களில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு வருடத்தில் டீக்கடை பெஞ்சு ஒன்றே போதுமானதாயிற்று. அதுவும் டீச்சருக்குத் தேவைப்பட்டதா, அங்கே உட்கார்ந்து பேசப் பிடித்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

வலது கை கடைசிவரை முழுதாகத் திரும்பவில்லை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். பேச்சு நிதானமாக வரும், நடுவில் தடுக்கும். தடுக்கும் இடத்தில் சின்னதாக ஒரு ராகம் போட்டுத் தாண்டிவிடுவார். எங்களுக்கு அது பழகிவிட்டது. அம்மாவை மதினி என்றுதான் கூப்பிடுவார். அம்மாவும் டீச்சரம்மா என்பதை விட்டுவிட்டு மதினி என்றே கூப்பிட ஆரம்பித்தாள்.

டாக்டர் ஒருமுறை அவர்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், இதே நோய், டீச்சரைவிட ஆறு வயது இளையவர், எதற்கும் ஒத்துழைக்காமல் கிடக்கிறார். டீச்சரும் அம்மாவும் போனார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் கட்டிலுக்கு மறுபக்கம் சுற்றிப் போய் நின்று சொன்னாராம்: "நானும்… மூணு மாசம்… செத்துத்தான் கெடந்தேன். அப்புறம்… அலுத்துப் போச்சு." அவர் சிரித்துவிட்டார் என்று அம்மா வந்து சொன்னாள். அதன்பின் வியாழக்கிழமைதோறும் இருவரும் பஸ்ஸில் போய்வந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலை மலையைச் சுற்றிவிட்டு வந்த மாஸ்டர், ஷூவைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. எழுபத்திரண்டு வயது. முந்தின நாள்கூட என் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தவர். நாக்பூரிலிருந்து மகள் வந்து டீச்சரைக் கையோடு அழைத்துப் போகப் பார்த்தாள். டீச்சர் மறுத்தார்.

"அங்க வந்தா… நான் நோயாளி. இங்க… டீச்சர்."

அவர் தனியாகவே இருந்தார். ஒரு கையால் சமைத்தார். காய்கறி அரிய ஒரு பலகையில் ஆணி அடித்துக் கொடுத்தேன். கத்தரிக்காயை அதில் குத்தி நிறுத்திவிட்டு இடது கையால் அரிவார். மாலையில் தெருப் பெண்களுக்கு மனு எழுதித் தருவார், அதே பழைய கண்டிப்போடு. மாஸ்டர் போன நாலாவது வருடம் மறுபடியும் நோய் வந்தது. இந்தத் தடவை மூன்றே நாள். முதல் தடவை விழுந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் பதினோரு வருடம் இருந்தார். அதில் படுக்கையில் கிடந்தது ஒரு வருடம்கூட இல்லை. டாக்டர் அன்று சொன்ன பத்து வருடத்தையும் தாண்டிவிட்டார்.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பழையபடி பாயை விரித்துவிடுவாளோ என்று நானும் மனைவியும் பயந்தோம். மூன்றாம் நாள் பின்தெருவிலிருந்து ஒருவர் வந்தார். அவர் அப்பாவுக்கு வாதம் அடித்து ஒரு மாதமாகிறதாம். அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். எழுபத்திரண்டு வயது அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டாள். நானும் துணைக்குப் போனேன். இருட்டான அறையில் பெரியவர் படுத்திருந்தார். மருமகள் கதவருகிலேயே நின்று தணிந்த குரலில் சொன்னாள்:

"இனிமே எந்திரிக்க மாட்டாருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க பெரியம்மா. எம்பது ஆகப் போகுதுல்ல."

"எம்பதுன்னா? அவருக்குக் காது கேக்குது, பாத்துப் பேசு தாயி. முதல்ல அந்த ஜன்னலத் தொற." அம்மா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். "அய்யா, நான் கொஞ்சம் உங்களைச் சாச்சு உக்கார வைக்கட்டா? மொகம் கழுவி எம்புட்டு நாளாச்சு?"

அந்தப் பெரியவர் எழுந்து நடந்தார் என்று சொல்ல முடியாது. கால் வரவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் தானாக எழுந்து உட்காரவும், தன் கையால் சாப்பிடவும் ஆரம்பித்தார். பிறகு மூன்று வருடம், காலையில் வாசலில் நாற்காலி போட்டு அவரைத் தூக்கி உட்கார வைத்தால் மதியம் வரை பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் அம்மா போனால் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, அன்றைய சேதியை அவளுக்கு ஒன்று விடாமல் சொல்வார்.